நான்கிலிருந்து ஏழுக்கு: புதுச்சேரி ராக் குழு ஒன்றின் முதல் ஆல்பம் – நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்டில் தொடங்கி 2025 இறுதி வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். புதுச்சேரி முதலியார்பேட்டையில் சிறிய ஒலிப்பதிவு அறை ஒன்றை நடத்திவருபவன் என்ற முறையில், இந்தக் குழுவின் ஒத்திகைகளில் பெரும்பாலானவற்றிலும் ஆல்பத்தின் ஒலிப்பதிவு முழுவதிலும் நான் உடனிருந்தேன். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் தேதியிட்டுக் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. கீழே வருபவை அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. குழுவினர் நால்வரும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே இதை வெளியிடுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஆட்களின் பெயரையும் குழுவின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

பாடலாசிரியருக்கு அப்போது வயது 34. கடலூரில், தென்பெண்ணைக் கரையை ஒட்டிய பகுதியில் குடும்பத்துடன் வசிப்பவர்; பகலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. ஒன்பது ஆண்டுகளாக வீட்டிலேயே பாட்டெழுதி, மெட்டமைத்து, ஒரு மைக்கும் ஒரு கிதாரும் ஒரு மடிக்கணினியும் கொண்டு தானே பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவந்தார். தாளத்துக்குக் கணினியில் உள்ள டிரம்ஸ், பேஸுக்கும் அதே கணினி. அவர் பாடுவது பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல், மனைவியும் குழந்தையும் தூங்கிய பிறகு என்பதால், அந்தப் பதிவுகள் எல்லாவற்றிலும் குரல் ஏறக்குறைய முணுமுணுப்பாகவே இருந்தது. கேட்டவர்களுக்கு அதுதான் பிடித்தது என்பதும் உண்மை.

2023 ஜூன் 21 அன்று, பிரான்சில் 1982-இல் தொடங்கிப் புதுச்சேரியிலும் ஆண்டுதோறும் நடக்கும் இசைத் திருநாளில், தெருமுனை ஒன்றில் அவர் தனியாக அரை மணி நேரம் பாடினார். நான் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். முணுமுணுப்புக் குரல் இருபதடிக்கு அப்பால் எட்டவில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், “காடா, கடலா சார், நீங்க பாடினது?” என்று கேட்டார். கேலி செய்யும் நோக்கம் அவருக்கு இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். இந்தக் கேள்வியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்று இரவே, இனித் தனியாக மேடை ஏறுவதில்லை, ஒரு குழு வேண்டும் என்று பாடலாசிரியர் முடிவெடுத்தார்.

குழு சேர்ந்த விதம்

ஆகஸ்டில் மூவர் சேர்ந்தனர். டிரம்ஸ் வாசிப்பவர் 23 வயது இளைஞர். கடலூர் மாவட்டத்தில் தவில் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்து, பத்து வயது வரை தாத்தாவிடம் சொற்கட்டு (தாளத்தை வாயால் சொல்லும் சொற்கள்) பயின்று, பிறகு பள்ளித் தோழன் ஒருவனுடன் தேவாலயப் பாடகர் குழுவுக்குப் போய் டிரம்ஸ் கற்றுக்கொண்டவர். பேஸ் வாசிப்பவர் புதுச்சேரிக்காரர், உணவக ஊழியர். கிதார் வாசிப்பவர் 31 வயதுக்காரர். கடற்கரைச் சாலையை ஒட்டிய விடுதிகளில் வார இறுதிகளில் பிறர் பாடல்களை வாசித்துப் பிழைப்பவர். நால்வரில் இசையை மட்டுமே நம்பி வாழ்பவர் அவர் ஒருவர்தான். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் மிக முக்கியம்.

ஒத்திகை என் அறையில் நடந்தது. 14 அடிக்கு 11 அடி; சுவர்களில் தேங்காய் நார் மெத்தைகள், அவற்றின் மேல் பருத்தித் துணி. முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று நம்பி நானும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி அந்த நம்பிக்கையைப் போக்கினார். அதன் பிறகு ஒத்திகையை இரவு ஒன்பது மணிக்குள் முடிப்பது என்பது அறையின் விதி.

முதல் நான்கு மாதங்களில் கவனித்தவை

பாடலாசிரியர் பதினான்கு பாடல்களின் டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, கொடுத்தார். டெமோ என்றாலும் அவை முடிந்த பதிவுகள்தாம்: டிரம்ஸ், பேஸ், இரண்டு கிதார், பின்னணிக் குரல் எல்லாம் அவற்றில் இருந்தன. “இதே மாதிரி வாசிச்சா போதும்” என்றுதான் சொன்னார். அவர் ஆணவத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஒற்றை ஆளாக வேலை செய்தவருக்கு, பாட்டை முடிக்காமல் இன்னொருவர் கையில் கொடுப்பது எப்படி என்று தெரிந்திருக்கவில்லை.

மூவரும் அப்படியே வாசித்தனர். கேட்க நன்றாக இருந்ததா என்றால், பிழையில்லாமல் இருந்தது. நவம்பர் வரையிலான என் குறிப்புகளில் ‘சரியாக வந்தது’ என்ற சொல் பன்னிரண்டு முறை வருகிறது. ‘நன்றாக’ என்ற சொல் ஒரு முறைகூட இல்லை. கணினி வாசித்ததை மனிதர்கள் திரும்ப வாசிக்கும்போது எழும் ஒருவித அலுப்பு, குறிப்பாக டிரம்ஸ் வாசிப்பவரின் முகத்தில் தெரிந்தது. அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வயதில் இளையவர் என்ற தயக்கமே காரணம் என்று பிறகு சொன்னார்.

சுருதிச் சிக்கலும் அப்போது வெளிப்பட்டது. இரவில் ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் முணுமுணுத்துப் பாடிய மெட்டு, டிரம்ஸுக்கு முன்னால் காணாமல்போனது. மூன்று கட்டைக்கு ஏற்றியதும் குரல் திறந்தது. அது கிதாருக்கும் தோதான சுருதி என்பதால் அதில் யாருக்கும் மறுப்பில்லை.

ஏழு

2024 ஜனவரி இரண்டாம் வாரம். பாடலாசிரியர் கடலூரிலிருந்து வந்த பேருந்து தவளக்குப்பத்தில் நெரிசலில் நின்றுவிட்டதால், மற்ற மூவரும் முக்கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. டிரம்ஸ் வாசிப்பவர், பெரியவர் கேள்வி கேட்ட அந்தத் தெருமுனைப் பாட்டின் பல்லவியைத் தனக்குள் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பல்லவி இது (பாடலாசிரியரின் அனுமதியுடன் தருகிறேன்): “கதவு திறக்குது, கடலு நுழையுது.”

இந்த வரியைச் சொல்லிப் பார்த்தால், கதவு மூன்றெழுத்து அசைவு, திறக்குது நான்கு. கடலு மூன்று, நுழையுது நான்கு. தகிட தகதிமி, தகிட தகதிமி. வரி பிறக்கும்போதே மிஸ்ரத்தில், அதாவது ஏழு மாத்திரைத் தாளத்தில் பிறந்திருக்கிறது. ஆனால் பாடலாசிரியர் ராக் பாட்டுக்குரிய நான்கில்தான் கணினி டிரம்ஸை ஓடவிட்டிருந்தார். நான்கின் இரட்டிப்பான எட்டை நிரப்ப ஒரு மாத்திரை குறைந்தது. அதற்காக முதல் எழுத்தை நீட்டினார். கதவு, ‘காதவு’ ஆயிற்று. கடலு, ‘காடலு’ ஆயிற்று. தெருமுனையில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குக் காரணம் இதுதான். ஆங்கிலப் பாட்டில் ஓர் உயிரொலியை நீட்டினால் சொல் பெரும்பாலும் கெடுவதில்லை; தமிழில் குறிலை நெடிலாக்கினால் சொல்லே வேறாகிவிடும். ஆங்கில ராக் கேட்டு வளர்ந்து தமிழில் எழுத வருகிறவர்களின் பதிவுகளில் இந்தக் கோளாறை நான் அடிக்கடி கேட்கிறேன்.

பாடலாசிரியர் உள்ளே வந்ததும் டிரம்ஸ் வாசிப்பவர் நாற்காலியிலிருந்து எழாமலேயே, “அண்ணா, இந்தப் பாட்டு நாலுல உக்காரலண்ணா. ஏழுல தானா உக்காருது” என்றார். குழுவில் சேர்ந்த பிறகு அவராக வாய் திறந்து சொன்ன முதல் கருத்து அது. பாடலாசிரியர் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே பாடிப் பார்த்தார். மூன்றாவது முறை பாடும்போது பேஸ் வாசிப்பவர் சேர்ந்துகொண்டார். அன்று ஒத்திகை ஒன்பதரைக்கு முடிந்தது. விதியை நானே மீறினேன்.

முதல் முடிவு: டெமோக்களை ஒதுக்குவது

அடுத்த வாரம் பாடலாசிரியர் ஒரு யோசனை சொன்னார். டெமோவை இனி யாரும் கேட்கக் கூடாது. அவர் வெறும் கிதாருடன் பாடிக்காட்டுவார், மற்றவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டும். ஒன்பது ஆண்டு உழைப்பை ஓரமாக வைக்கும் முடிவு அது. அவருக்கு எளிதாக இருந்திருக்காது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பாடல்கள் மறுபடி உருவாயின. பதினான்கில் ஐந்து கைவிடப்பட்டன. மீதி ஒன்பதில் மூன்றுக்குக் கிதார் வாசிப்பவர் தொடக்கத்தில் வாசிக்கும் சிறு இசைத்துணுக்குகளை, அதாவது ரிஃப்களை, அமைத்தார். அவற்றுள் ஒன்றை என் மகள் வீட்டில் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்; பாட்டின் வரி அவளுக்குத் தெரியாது.

யார் எதைக் கொண்டுவந்தார் என்பதை இந்த ஐந்து மாதங்களில் யாரும் எழுதிவைக்கவில்லை. நானும் ‘இன்று இரண்டாம் பாட்டு மாறியது’ என்று எழுதினேனே தவிர, யாரால் மாறியது என்று எழுதவில்லை. ஆனால் ஒத்திகைகளைக் கைப்பேசியில் பதிவு செய்துவந்தேன். தற்செயலாகச் செய்த அந்த வேலைதான் பின்னால் கைகொடுத்தது.

ஒலிப்பதிவும் புயலும்

2024 அக்டோபரில் பதிவு தொடங்கியது. டிரம்ஸ், பேஸ், கிதார் மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் பதிவு செய்து, குரலைப் பிறகு சேர்ப்பது என்று தீர்மானித்தோம். தனித்தனியாகப் பதிவு செய்தால் பிழை திருத்துவது சுலபம். ஆனால் ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கும்போது ஏழின் கடைசி மாத்திரையில் விழும் அந்தச் சிறு தள்ளல் தனிப்பதிவில் வரவில்லை. நேரம் காட்டும் கிளிக் ஒலியை ஏழுக்கு ஒரு முறை மட்டும் ஒலிக்குமாறு அமைத்தேன். எல்லா மாத்திரைக்கும் கிளிக் வைத்தபோது டிரம்ஸ் வாசிப்பவர், “எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

நவம்பர் கடைசி வாரத்துக்குள் ஒன்பது பாடல்களின் வாத்தியப் பதிவும் முடிந்தது. கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்தன: ஒன்று என் அறையில், மற்றொன்று கடலூரில் பாடலாசிரியர் வீட்டில். இரண்டு ஊர், இரண்டு பிரதி, போதும் என்று நினைத்தேன்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. என் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மேசைக்கு அடியில், தரையோடு வைத்திருந்த டிஸ்க் மூழ்கியது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிக் கடலூரின் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. பாடலாசிரியர் குடும்பத்தோடு உறவினர் வீட்டு மாடிக்குப் போய்விட்டார். இரண்டு பிரதிகளுக்கும் இடையே இருபத்திரண்டு கிலோமீட்டர்தான்; ஒரே புயலின் பாதைக்குள் இரண்டையும் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவருடைய பிரதி பரணில் இருந்ததால் தப்பியது. ஆனால் நவம்பர் 20-க்குப் பிறகு பதிவான இரண்டு பாடல்களை அதில் நான் சேர்த்திருக்கவில்லை. அவை போய்விட்டன. ஜனவரியில் மறுபடி பதிவு செய்தோம். ஒன்று முன்பைவிட நன்றாக வந்தது. மற்றொன்று வரவில்லை, ஆல்பத்தில் இன்றும் அது சற்றுத் தளர்வாகவே கேட்கிறது. இந்த இழப்பு முழுக்க என் பொறுப்பு. மறுபதிவுக்கு நான் கட்டணம் வாங்கவில்லை.

படிவம்

2025 பிப்ரவரியில், பதிவுகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங் முடியும் தறுவாயில், இணையச் சேவைகளில் ஆல்பத்தை ஏற்றித்தரும் நிறுவனத்தின் படிவத்தைப் பாடலாசிரியர் நிரப்பினார். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று கட்டங்கள்: வரிகள், இசை, வாசித்தவர்கள். முதல் இரண்டிலும் ஒன்பது பாடல்களுக்கும் தன் பெயரை மட்டும் எழுதி, மூன்றாவதில் நால்வர் பெயரையும் எழுதி, சரிபார்க்கச் சொல்லிக் குழுவுக்கு அனுப்பினார். ஒன்பது ஆண்டுகளாக இப்படித்தான் நிரப்பிவந்தார். வேறு மாதிரி நிரப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை என் அறையில் நடந்த பேச்சைக் கூடியவரை அப்படியே தருகிறேன்.

“அண்ணா, வரி உங்களோடது. மெட்டும் உங்களோடதுன்னு ஒத்துக்கறேன். ஆனா அந்த ஏழு என்னோடது” என்றார் டிரம்ஸ் வாசிப்பவர்.

“ஏழு மிஸ்ர சாபு தம்பி. அது உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. அதுல எத்தனை கீர்த்தனை இருக்கு.”

“அப்ப நாலுலயே விட்டிருக்கலாமேண்ணா?”

பாடலாசிரியரிடம் பதிலில்லை. கிதார் வாசிப்பவர் எதுவும் பேசாமல் வயரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அதன் பிறகு ஏழு வாரங்கள் குழு கூடவில்லை.

இரண்டாவது முடிவு: பங்கு பிரித்தது

இருவர் வாதத்திலும் நியாயம் இருந்தது. தாளம் பொதுச்சொத்து என்பது சரி. அந்தத் தாளத்தில் போட்டதால் மெட்டு மாறியது என்பதும் சரி. நான் செய்தது ஒன்றுதான்: பழைய டெமோவையும் கைப்பேசியில் இருந்த ஒத்திகைப் பதிவுகளையும் வரிசையாக வைத்து, ஏப்ரலில் இரண்டு மாலைகள் நால்வரையும் உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். ‘கதவு’ பாட்டில், நான்கில் இருந்தபோது வரியின் முடிவில் குரல் இறங்கிவரும் ஒரு பிடி, அதாவது சிறு சுரத்தொடர், இருந்தது. ஏழில் அதற்கு இடமில்லாமல் உதிர்ந்து, வரி மேலேயே நின்றுவிட்டது. பாட்டின் குணமே அதனால் மாறியது. பாடலாசிரியர் அதைத் தானே கேட்டு, தானே ஒப்புக்கொண்டார்.

அறிமுகமான வழக்கறிஞர் ஒருவர் சட்ட நிலையை விளக்கினார். நாங்கள் ‘பாட்டு’ என்று ஒரே சொல்லால் குறித்ததை 1957 பதிப்புரிமைச் சட்டம் மூன்றாகப் பார்க்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு. இசைப் படைப்பு தனி. பாடப்படும் சொற்கள் அதில் சேராது. ஒலிப்பதிவு மூன்றாவது, அதற்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொள்பவரே தயாரிப்பாளர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் பேஸ் வாசிப்பவர், “அப்ப நாம ஏழு வாரமா மூணு வேற வேற விஷயத்துக்குச் சண்டை போட்டிருக்கோம்” என்றார்.

முடிவு இவ்வாறு அமைந்தது. வரிகள் முழுவதும் பாடலாசிரியருக்கு. மெட்டின் ஓட்டம் ஒத்திகையில் மாறியிருந்தால், மாற்றியவருக்கு இசையமைப்பில் பங்கு. மெட்டு அப்படியே இருந்து உடன்வாசிப்பு மட்டும் சேர்ந்திருந்தால் அதற்குத் தனிப் பங்கில்லை. இதன்படி ‘கதவு’ உள்ளிட்ட மூன்று பாடல்களில் டிரம்ஸ் வாசிப்பவரும், ஒன்றில் கிதார் வாசிப்பவரும் பாடலாசிரியருடன் பாதிப் பாதியாக இசையமைப்பாளர்கள் ஆயினர். ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, பாடலாசிரியர் செலவழித்த ரூ. 1,64,000-ஐ அவர் முதலில் எடுத்துக்கொண்ட பிறகு, வருவது நால்வருக்கும் சமம்.

முதலில் எழுதிய ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் குறிப்பிடப்படவில்லை. உரிமையை எழுதிக்கொடுக்கும் ஆவணத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று வழக்கறிஞர் சுட்டிக்காட்டிய பிறகு இரண்டையும் சேர்த்தோம். எங்கள் ஊர்ப் பாட்டை வெளிநாட்டில் யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் சிரித்தேன். முதல் மாதக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கேட்பு பிரான்சிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்தது.

கிதார் வாசிப்பவரின் மறுப்பு

அவர் கையெழுத்திட்டார், ஆனால் உடன்படவில்லை. ஒன்பது பாடல்களிலும் இசையமைப்பு நால்வருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அது ஏற்கப்படாதபோது, தன் மூன்று ரிஃப்களுக்காவது பங்கு கேட்டார். மெட்டு மாறவில்லை என்ற விதியின்படி அவற்றில் இரண்டுக்குக் கிடைக்கவில்லை.

அந்த விதியை முன்மொழிந்தவன் நான். இப்போது யோசித்தால், அது மெட்டைப் பாட்டின் உயிராகக் கருதும் காதில் பிறந்த விதி. திரைப்பாட்டு கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை. ராக் பாட்டு அப்படி இயங்குவதில்லை. பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே, கிதாரின் நான்கு சுரங்களில் கேட்பவர் பாட்டை அடையாளம் கண்டுவிடுகிறார். என் மகள் முணுமுணுத்தது ரிஃபைத்தான், மெட்டையல்ல. பங்கு பிரிக்க உட்கார்ந்த அந்த இரண்டு மாலைகளிலும் அது என் நினைவுக்கு வரவில்லை.

பின்விளைவு

ஆல்பம் 2025 ஜூன் 20, வெள்ளிக்கிழமை வெளியானது. 2015 முதல் உலகெங்கும் புதிய ஆல்பங்கள் வெள்ளிக்கிழமையில்தான் வெளியாகின்றன. மறுநாள் 21-ஆம் தேதி, இரண்டாண்டுக்கு முன் பாடிய அதே தெருமுனையில் நால்வரும் வாசித்தனர். கிதார் வாசிப்பவர் குழுவோடு கடைசியாக வாசித்த நிகழ்ச்சி அது. ஜூலையில் விலகினார்.

ஒன்பது பாடல்கள், 37 நிமிடம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறை கேட்கப்பட்டால்தான் பணம் கணக்கில் சேரும் என்ற விதி 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாத முடிவில் நான்கு பாடல்கள் அந்த எல்லையைக் கடந்திருந்தன. அவற்றில் மூன்று, கிதார் வாசிப்பவரின் ரிஃபில் தொடங்குபவை. இணையத்திலிருந்து வந்த தொகை மறுபதிவுக்கு ஆன மின்கட்டணத்தைத்தான் ஈடுகட்டும். நிகழ்ச்சிகளில் ரூ. 150-க்கு விற்ற பாடல் வரிப் புத்தகம் இருநூறு பிரதி போனது. அச்சுச் செலவு போக மிஞ்சியதே இதுவரை குழு கண்ட உருப்படியான வருமானம்.

மாற்றிக்கொண்டவை

பாடலாசிரியர் இப்போது டெமோவில் குரலும் ஒரு கிதாரும் தவிர எதையும் சேர்ப்பதில்லை. பாடும் முன் வரியைப் பேச்சாகச் சொல்லித் தட்டிப் பார்த்து, எத்தனையில் உட்காருகிறது என்று டிரம்ஸ் வாசிப்பவரிடம் கேட்ட பிறகே கிதாரை எடுக்கிறார். என் அறைக் கதவின் உட்புறம் ஒரு தாள் தொங்குகிறது: தேதி, பாட்டு, என்ன மாறியது, யாரால். ரிஃபுக்கும் அதில் தனிக் கட்டம் உண்டு. ஒத்திகை முடிந்ததும் நால்வரும் சுருக்கொப்பம் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முதல் வாரம் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு போல இருக்கிறது என்று சிரித்தார்கள், இப்போது யாரும் சிரிப்பதில்லை. கோப்புகளின் மூன்றாவது பிரதி கோயம்புத்தூரில் என் தங்கை வீட்டில் இருக்கிறது; மேசைக்கு அடியில் எதையும் வைப்பதில்லை.

ரிஃப் பற்றிய விதியைத் திருத்தி, முதல் ஆல்பத்துக்கும் முன்தேதியிட்டுப் பொருத்தலாம் என்று 2025 நவம்பரில் பாடலாசிரியரே முன்வந்தார். டிரம்ஸ் வாசிப்பவரும் பேஸ் வாசிப்பவரும் ஒப்புக்கொண்டனர். திருத்திய ஒப்பந்தத்தை விலகிய கிதார் வாசிப்பவருக்கு டிசம்பர் முதல் வாரம் அனுப்பினோம். பத்து நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். குழுவுக்குத் திரும்ப அவருக்கு விருப்பமில்லை. அவர் இடத்தில் இப்போது வயலின் வாசிக்கும் பெண் ஒருவர் ஒத்திகைக்கு வந்துபோகிறார்.